முதல் தையற்பெட்டி



பெருநாள் நெருங்கும் நாள்களில், ஒரு பட்டன் தைத்துத் தருவதற்காகக் கைவேலையை நிறுத்தும் தையற்காரர் எவருமிலர். அவிழ்ந்த மடிப்பும் அறுந்த கொக்கியுமாக ஆடைகள் அலமாரியின் அடித்தட்டில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. எடுத்துப் பார்க்கும்போது பிள்ளை வளர்ந்திருக்கிறான்; சட்டை சிறுத்திருக்கிறது. பத்து நிமிட வேலைக்காக ஒரு நல்ல ஆடையை இழக்கிறோம். இதைத் தவிர்க்கத் தையல் இயந்திரம் வேண்டியதில்லை. சிறு பெட்டி ஒன்று போதும்.

ஆயத்தமாகக் கடைகளில் விற்கும் பெட்டியை நான் சொல்லவில்லை. எங்கள் மதரஸா மாணவியர் சிலர் அத்தகையதைக் கொண்டு வருவதுண்டு. இருபது நிற நூல்கள், கண்ணாடி போன்ற மூடி, பார்வைக்கு அழகு. நூலோ மெல்ல இழுத்தாலே அறுகிறது. கத்தரி துணியை வெட்டாமல் மடிக்கிறது. "எனக்குத் தையல் வராது" என்று அப்பெண் ஒதுங்கிவிடுகிறாள். நல்ல ஊசியும் நூலும் கொடுத்தால் அவளே தைத்துவிடுகிறாள்.

தாராளமாகச் செலவிட வேண்டியது கத்தரிக்கோலுக்கு மட்டுமே. எட்டு அங்குல நீளமும் வளைந்த பிடியும் உள்ள துணிக்கத்தரியாக இருக்கட்டும். பிடி வளைந்திருந்தால் கீழ் அலகு தரையோடு படிந்து செல்லும், துணி தூக்காது. அதைக் கொண்டு காகிதம் வெட்டலாகாது. காகிதத்தில் சேர்க்கப்படும் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் அலகை மழுக்கிவிடும். பால் உறை வெட்டவும் பிள்ளைகள் படம் வெட்டவும் வேறொரு கத்தரியைக் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள். இல்லையேல் எத்தனை முறை சொன்னாலும் இதைத்தான் எடுப்பார்கள்!

ஊசி வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். இயந்திர ஊசியில் இது நேர்மாறு: 9, 11 மெல்லியவை; 16, 18 தடித்தவை. பருத்திச் சட்டைக்கும் சீருடைக்கும் 7ஆம் எண் கையூசி பொருந்தும். வழுக்கும் மெல்லிய பர்தா துணிக்கும் துப்பட்டாவுக்கும் 9 அல்லது 10 எடுங்கள். தடித்த ஊசி அவற்றில் துளை விட்டுச் செல்லும்.

நூலில் வெள்ளை, கறுப்பு, பிள்ளைகளின் சீருடை நிறம் ஆகிய மூன்று போதும். ஒரு முழத்துக்கு அதிகமாகக் கோக்காதீர்கள். நீண்ட நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுத்தால் சிக்கல் குறையும்.

அளவு நாடா 60 அங்குலம் இருக்கும். மலிவானது நாளடைவில் நீண்டுவிடுமாதலால் அவ்வப்போது இரும்பு அளவுகோலோடு ஒப்பிடுங்கள். கறுப்புத் துணியில் குறியிடக் குளித்துத் தேய்ந்த வெள்ளைச் சோப்பின் காய்ந்த துண்டே போதும், துவைத்தால் போய்விடும். குண்டூசி, கொக்கி, டிச் பட்டன், தையல் பிரிக்கும் சிறு கருவி ஆகியவை விலை குறைந்தவை. விரற்கூடும் ஒன்று வேண்டும். தையற்காரர் அதை அங்குஸ்தான் என்பர். விரலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். முதலில் இடைஞ்சலாகத் தோன்றினும், தடித்த துணியில் ஊசியைத் தள்ளும்போது அதன் அருமை புரியும்.

கடற்கரை ஊர்களில் வசிப்போருக்கு ஒரு சொல். உப்புக் காற்றில் ஊசி விரைவில் துருப்பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள். எத்தனை ஊசி என்று மூடியின் உட்புறத்தில் எழுதி, தைத்து முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பாயில் அமர்ந்து தைக்கிறோம். அதே பாயில்தான் குழந்தை தவழ்கிறது. எண்ணிக்கை குறைந்தால், காந்தத் துண்டு ஒன்றால் தரையைத் தடவித் தேடிவிட்டுத்தான் எழ வேண்டும்.

இவ்வளவும் பெண்மக்களுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் மகனுக்கு ஊறுகாயும் மசாலாப் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். அறை நண்பர்களிடம் ஊசி கேட்டு அலையாதிருக்க, இத்தகைய பெட்டி ஒன்றையும் கொடுங்கள். பட்டன் தைக்கவும் கால்சட்டை ஓரம் மடித்துத் தைக்கவும் புறப்படுமுன் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதைக் கைப்பையில் வைக்க வேண்டாம்; விமான நிலையச் சோதனையில் கத்தரியை எடுத்துவிடக் கூடும். விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டிக்குள் வைக்கட்டும்.