துள்ளுற வயசு வேற, தாண்டுற வயசு வேற



தேய்பிறை அஷ்டமி பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவும் நேரத்துல, நம்ம தொண்டர்கள் மத்தியில பேச்சு எப்படியோ நாய் பக்கம் வந்துடும். பைரவர் வாகனம் ஆச்சே! இப்போ இளைஞர்கள் போன்ல காட்டுறது எல்லாம் அஜிலிட்டி வீடியோ. நாய் கம்பு தாண்டுது, குழாய்க்குள்ள புகுந்து வருது, சீசா பலகையில ஏறி இறங்குது. எஜமான் பக்கத்துலயே ஓடி கையைக் காட்டுறார். பார்க்கவே சந்தோஷம். "நம்ம குட்டியையும் இப்படிப் பழக்கலாமா?"ன்னு கேக்குறாங்க.

நல்ல ஆசைதான். ஆனா ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடுவுல துடைப்பக்கட்டையை வச்சு, நாலு மாசக் குட்டியைத் தாண்ட விடுறது தப்பு. முதல் ஒரு வருஷம் தாண்டுறதுக்கான காலம் இல்லை, தயார் பண்ற காலம். இதுதான் நாம இன்னைக்கு சொல்ல வந்தது.

இந்த விளையாட்டு 1978ல இலண்டன்ல நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில ஆரம்பிச்சது. குதிரைகள் தடை தாண்டுறதைப் பார்த்து, கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட வச்சாங்க. அது இன்னைக்கு உலகம் முழுக்கப் பரவிடுச்சு. பெரிய நாய் 60 சென்டிமீட்டர் வரைக்கும் தாண்டணும். 60 சென்டிமீட்டர் இடைவெளியில நட்ட 12 கம்புகளுக்கு நடுவுல பாம்பு மாதிரி வளைஞ்சு ஓடணும். இவ்வளவையும் வச்ச உலக நாய்ச் சங்கமே, 18 மாசம் ஆகாத நாயைப் போட்டியில சேர்க்கிறது இல்லை. காரணம் எலும்பு.

குட்டியோட கால் எலும்பு நுனிகிட்ட இளசான குருத்தெலும்பு இருக்கும். அங்கிருந்துதான் எலும்பு நீளுது. சின்ன ஜாதிக்கு ஒரு வயசுக்குள்ள அது இறுகிடும். பெரிய ஜாதிக்கு ஒன்றரை வயசு கூட ஆகலாம். அதுக்கு முன்னாடி உயரத்துல இருந்து குதிச்சுக் குதிச்சு அங்க அடிபட்டா, கால் கோணலா வளரலாம், இல்லை ஒரு கால் குட்டையா நின்னுடலாம். குட்டி தானா துள்ளி ஓடுறதைப் பத்திக் கவலை வேணாம். நாம திரும்பத் திரும்பத் தாண்ட வைக்கிறதுதான் ஆபத்து. வழுக்குற டைல்ஸ் தரையில ஓட விடுறதும், சோபாவுல இருந்து குதிக்க விடுறதும் அதே கணக்குதான்.

ஃபேக்டரியில புதுசா வேலைக்கு வந்த ஆளை முதல் நாளே வேகமா ஓடுற லைன்ல நிறுத்துவோமா? மெஷின் சத்தம் பழகணும், அவசர பட்டன் எங்க இருக்குன்னு தெரியணும், கை எங்க வைக்கக் கூடாதுன்னு தெரியணும். வேகம் அப்புறம்தான். குட்டிக்கும் அதேதான் முறை.

உடம்பு இறுக ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. ஆனா மனசு சீக்கிரமே இறுகிடுது, இதுதான் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவுல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965ல புத்தகம் போட்டாங்க. மூணாவது வாரத்துல இருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்த்துப் பழகுதோ, அதை வாழ்நாள் முழுக்கப் பயமில்லாம ஏத்துக்கும். அந்தக் கதவு மூடிட்டா திறக்கிறது ரொம்பக் கஷ்டம்.

பழக்கம் என்ன செய்யும்னு பார்க்க நம்ம நாட்டுலயே ஒரு நாய் இருக்கு. பகாங்ல தெலோம் ஆத்துப் பக்கம் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்க்கு ஆத்துப் பேரையே வச்சு தெலோமியன்னு சொல்றாங்க. 1963ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருத்தர் மூலமா வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. அந்த மக்களோட வீடு தூண் மேல இருக்கும். நாயும் ஏணியில ஏறித்தான் வீட்டுக்குள்ள போகும். வீட்டு மனுஷங்களோட ஒண்ணா வளர்ந்ததால வந்த திறமை அது.

அதனால குட்டி வந்த முதல் வாரத்துல இருந்தே மனசைப் பழக்குங்க. உறுமி மேளம், கோயில் மணி, தீபாவளிப் பட்டாசுச் சத்தத்தை போன்ல மெதுவா வச்சு, கூடவே சாப்பாடு கொடுங்க. பயப்படலைன்னா நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்க. பயந்தா உடனே குறைச்சிடுங்க. தடுப்பூசி முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும், அதுவரைக்கும் தெரு நாய் நடமாடுற தரையில விடக்கூடாது. பார்வோ வந்தா குட்டி பிழைக்கிறது கஷ்டம். ஆனா கையில தூக்கிட்டுப் போகலாமே! பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரயில் சத்தம், கிள்ளான்ல லாரி சத்தம், குடை, சக்கர நாற்காலி, ஹெல்மெட் போட்ட ஆளு எல்லாத்தையும் காட்டுங்க.

உடம்புக்கு ஏணியைத் தரையில படுக்கப் போட்டு, கட்டை கட்டையா நடக்க விடுங்க. பின்னங்கால் எங்க படுதுன்னு குட்டிக்கே அப்பதான் தெரியும். அட்டைப்பெட்டியோட ரெண்டு பக்கமும் திறந்து குழாய் மாதிரி நுழைய விடுங்க. தரையோட தரையா ஒரு பலகை போதும், அதுல நடக்கட்டும். கூப்பிட்டா வரணும், நில்லுன்னா நிக்கணும். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும். காலையிலயோ சாயங்காலமோ செய்யுங்க. மத்தியான தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க, நமக்குச் சுட்டா அதுக்கும் சுடும். ஒரு வயசு தாண்டினதும் மிருக வைத்தியர்கிட்ட மூட்டைக் காட்டிட்டு, அப்புறம் கம்பைக் கொஞ்சம் கொஞ்சமா உயர்த்துங்க.

பக்தர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பாசத்துல பிரசாதத்தை நாய்க்கு வைக்கிறோம். சர்க்கரைப் பொங்கல்லயும் கேசரியிலயும் காய்ஞ்ச திராட்சை இருக்கும். திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுத்துடும், உயிரே போகலாம். சாக்லேட்டும் வெங்காயமும் கூடாது. வெறும் வெள்ளைச் சோறு ஒரு பிடி வைங்க, அதுவே புண்ணியம்.

இதை ஏன் கோயில் பக்கத்துல எழுதுறோம்? பிள்ளைங்க கேட்டாங்கன்னு குட்டி வாங்குறோம், ரெண்டு மாசம் வீடியோ எடுக்கிறோம். பழக்காம கேட்ல சங்கிலி போட்டுக் கட்டுறோம். அது பயத்துல குரைக்குது, கடிக்க வருது. கடைசியில, "கோயில்ல சோறு போடுவாங்க"ன்னு ராத்திரியில வாசல்ல விட்டுட்டுப் போறாங்க. தெருவுல திரியுற நாயை மாநகர் மன்றம் பிடிச்சிட்டுப் போனா அப்புறம் அதோட கதி என்ன? கையை விட்டது நாமதானே? 2015 மிருக நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 ரிங்கிட்ல இருந்து ஒரு லட்சம் ரிங்கிட் வரைக்கும் அபராதம், சிறையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யுற காரியமும் இல்லை இது.

குட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு லைசென்ஸ் கிடைக்குமான்னு மாநகர் மன்றத்துல கேளுங்க. வெளிய போனா கயிறு கட்டுங்க, அசிங்கத்தை அள்ளுங்க. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோட சங்கடத்தையும் மதிங்க. நாய் நல்லாப் பழகி இருந்தா, அண்டை வீட்டு நட்பும் கெடாது.

மகாபாரதக் கடைசியில, கூட வந்த நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு தருமர் நின்னார். நம்மகிட்ட கேக்கிறது அவ்வளவு பெருசு இல்லை. ஒரு வருஷம், தினமும் அஞ்சு அஞ்சு நிமிஷம். பொறுமை இருக்கிறவங்க எடுங்க. இல்லாதவங்க பைரவரைக் கும்பிட்டுட்டு, தெரு நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க.

அடுத்த அஷ்டமிக்கு வரும்போது குட்டி வச்சிருக்கிறவங்க நம்மகிட்ட பேசுங்க. தெரிஞ்சதைச் சொல்றோம்.

பைரவர் துணை.