படத்தில் வராவிட்டால் அது பாட்டு இல்லையா?



நான்கு நாளாக நம் குழுவில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011 முதல் 2020 வரை வந்த சிறந்த பத்துத் தமிழ் ஆல்பங்களாம். பத்தும் சினிமா. ஏன் என்று கேட்டேன். "படத்தில் வராத பாட்டை யார் டீச்சர் கேட்கிறார்கள்?" என்று பழைய மாணவர் ஒருவர் எழுதினார். "கானா, பறை எல்லாம் சாவு வீட்டுச் சத்தம் அக்கா, அதைப் போய் ஆல்பம் என்கிறீர்களே" என்று சொந்தத்தில் ஒரு தம்பி எழுதினார். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. சினிமாப் பாட்டுக்கு நான் விரோதி இல்லை. சமையலறையில் என் ரேடியோ ஓயாமல் பாடுவது உங்களுக்கே தெரியும். ஆனால் சினிமாப் பாட்டு கதைக்காகப் பிறப்பது. நாயகன் எங்கே அழ வேண்டும், எங்கே ஆட வேண்டும் என்று இயக்குநர் சொல்ல, அதற்குள் அமைவது. தனி ஆல்பம் அப்படி இல்லை. பாடுகிறவர் தனக்குச் சொல்ல இருப்பதைச் சொல்கிறார். இளையராஜாவைத் தெய்வமாகக் கொண்டாடும் நம் வீட்டு ஆண்களைக் கேட்கிறேன்: 1986-இல் அவர் எந்தப் படத்துக்காகவும் இல்லாமல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக வைத்த இசை அது. அதையே கேட்காதவர்கள், படத்துக்கு வெளியே பாட்டே இல்லை என்று தீர்ப்பு எழுதலாமா?

அடுத்து, அந்தப் பத்தாண்டில் படத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, சென்னைப் பேச்சுத் தமிழை கர்நாடக ராகங்களில் பாடினார். புறம்போக்கு என்றால் என்ன? வரி விதிப்புக்கு வெளியே, ஊர்ப் பொதுவுக்கு என்று விட்டுவைத்த நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் தரை எல்லாம் அதில் அடக்கம். அந்த நல்ல சொல்லை நாம் வசவாக்கி வைத்திருந்தோம். நான் வகுப்பில் பத்துத் தடவை விளக்கினாலும் மனதில் ஏறாததை அந்த ஒரு பாட்டு ஏற்றிவிட்டது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. பறையும் கானாவும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. அவர்களுடைய 'மகிழ்ச்சி' ஆல்பமும் அதே ஆண்டு வந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் வீட்டுக்குள் முணுமுணுப்பதற்கு அவர்கள் பாட்டாகவே பதில் சொன்னார்கள். ஆண்களின் குரலாகவே இருந்த கானாவை அங்கே இசைவாணி பாடினார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நம் குழுவின் பட்டியலில்தான் இடமில்லை!

இப்போது சாவு வீட்டுச் சத்தத்துக்கு வருகிறேன். தம்பி, கோபித்துக்கொள்ளாதே. சாவுக்கு அடித்தால் ஒரு கருவி இழிவாகிவிடுமா? சங்கும்தான் சாவுக்கு ஊதுகிறார்கள். அதைப் பூஜை அறையில் வைத்திருக்கிறோம். ஆகவே நமக்கு உறுத்துவது சத்தம் இல்லை. அதை அடிக்கிற கையை எந்தத் தெருவில் பிறந்தது என்று பார்க்கிறோம். பிள்ளை மிருதங்கம் கற்கப் போனால் காசு கட்டி வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். பறை கற்கிறேன் என்றால் "உனக்கு எதுக்கு அது?" என்கிறோம். இதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள்.

பள்ளியிலும் இதே கதைதான். தாலாட்டு, தெம்மாங்கு, ஏற்றப்பாட்டு என்று பாடம் நடத்தி மதிப்பெண் போடுகிறோம். ஆண்டுவிழா மேடையில் ஏழு வயதுப் பிள்ளைகளைக் குத்துப்பாட்டுக்கு ஆடவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் பாட்டி பாடும் நடவுப் பாட்டை மேடையேற்ற எத்தனை பள்ளிகள் முன்வருகின்றன?

"அரசியல் இருக்கிறது, இனிமை இல்லை" என்பாரும் உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாடாத அரசியலா? அவர் பாட்டில் இனிமை இல்லையா? உங்களுக்குப் பிடித்த அரசியல் என்றால் அது தத்துவப் பாட்டு, பிடிக்காதது என்றால் கூச்சல். இதுதானே கணக்கு?

என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது குழு வைத்துப் பாடுகிறான். பாட்டைப் பதிவுசெய்ய ஆகும் செலவு அவன் கைக்காசு. பெண் கேட்டுப் போன இடத்தில் "பாட்டு சரி, வேலை என்ன?" என்றார்களாம். அவனை நம் வீட்டு விசேஷங்களில் 'சும்மா ரெண்டு பாட்டு' பாடச் சொல்கிறவர்களும் நாம்தான். தவில்காரருக்குச் சம்பளம் உண்டு, சமையல்காரருக்கு உண்டு, இவனுக்கு மட்டும் கைதட்டல்.

நான் கேட்பது நான்கே நான்கு. ஒரு தனி ஆல்பத்தை, நடுவில் தாவாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பிடித்தால் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் பேசிய பணத்தைக் கையில் கொடுங்கள். உங்கள் பிள்ளை பறையோ கிதாரோ கேட்டால் தடுக்காதீர்கள்.

கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், விவாதிப்போம். கேட்காமலே மட்டம் தட்டுவதை மட்டும் உங்கள் டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்