வீட்டுலயே டாப்ஸ் தைச்சா காசு மிச்சமா?

போன வருஷம் 12,000 ரூபாய்க்கு ஈ.எம்.ஐ.யில ஒரு தையல் மெஷின் வாங்கினேன். 'இனிமே டாப்ஸ் செலவே இல்ல'ன்னு நினைப்பு. இதுவரைக்கும் தைச்சது நாலே நாலு. ஒரு ஆடிட்டர் பண்ற வேலையா இது?

வாங்க, அன்னைக்கு நான் போடாத கணக்கை இப்போ போடுவோம். பனியன் துணி திருப்பூர்ல கிலோ கணக்குல கிடைக்கும். 180 ஜி.எஸ்.எம். துணின்னா ஒரு சதுர மீட்டர் 180 கிராம். ஒரு கிலோவுல மூணு டாப்ஸ் தாராளமா வரும். கிலோ 450 ரூபாய்னு வெச்சுக்கோங்க. நூலோட சேர்த்து ஒண்ணுக்கு 160. கடையில அதே டாப்ஸ் 400னா, மிச்சம் 240. அப்போ மெஷின் காசு திரும்பி வர 50 டாப்ஸ் தைக்கணும். வருஷத்துக்கு ஆறுன்னா, எட்டு வருஷத்துக்கு மேல! உங்க ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் இன்னும் விலையே போடல.

தைக்கவே வேண்டாம்னு சொல்லல. வீட்டுல அம்மாவோட பழைய மெஷின் இருந்தா, முதல் டாப்ஸ்லயே 240 ரூபாய் மிச்சம். அதுக்குப் பொருந்துற பால்பாயிண்ட் ஊசி மட்டும் வாங்குங்க. சாதா ஊசி பனியன் துணியில ஓட்டை போட்டுடும். காட்டன் சுருங்கும், அதனால துவைச்சுட்டு வெட்டுங்க. நேர் தையல்தான் வரும்னா துணியை லேசா இழுத்துப் பிடிச்சு தைங்க. இல்லைன்னா போடும்போது நூல் அறுந்துடும்.

புது மெஷின்தான் வேணுமா? சேர்த்து வெச்ச காசுல, ஆசைக்கு வாங்குங்க. ஆனா பட்ஜெட்ல 'பொழுதுபோக்கு'ன்னு எழுதுங்க, 'சேமிப்பு'ன்னு எழுதாதீங்க. நான் ஏமாந்தது அந்த ஒரு வார்த்தையிலதான்.