எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு உசத்தி?

டிசம்பர் பிறந்தால் போதும், "உலகத்தின் தலைசிறந்த கிறிஸ்துமஸ் பாட்டுகள்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவிடுகிறார்கள். நூறு பாட்டு இருந்தால் நூறும் இங்கிலீஷ். பனிக்கட்டி, கலைமான், புகைபோக்கி வழியாக இறங்கும் தாத்தா. பாப்பிரெட்டிப்பட்டியில் மார்கழி விடியலில் கொஞ்சம் மூடுபனி விழும். அதற்கே நாம் மப்ளர் சுற்றிக்கொள்கிறோம். கலைமானுக்கு எங்கே போவது?

அந்தப் பாட்டுகள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பிங் கிராஸ்பி 1942-ல் பதிவு செய்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டால் எனக்கும் மனசு இளகும். அதை எழுதியவர் இர்விங் பெர்லின், ஒரு யூதர். பண்டிகை அவருடையதல்ல, பாட்டு அவருடையது. ஆனால் விமர்சகர்களின் பாராட்டை வைத்து ஒரு பாட்டை எடைபோடலாம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பில் ஸ்பெக்டர் என்பவர் தயாரித்த கிறிஸ்துமஸ் இசைத்தட்டு 1963 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. அதே நாளில்தான் கென்னடியைச் சுட்டார்கள். நாடே துக்கத்தில் இருக்கும்போது பண்டிகைத் தட்டை யார் வாங்குவார்கள்? படுத்துவிட்டது. அதையே 2003-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களில் ஒன்றாகச் சேர்த்தது. (தயாரித்தவர் பிற்காலத்தில் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்கைதியாகவே செத்துப்போனது வேறு கதை.) தட்டு மாறவில்லை, காதுதான் மாறியது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் 'மினுய் கிரெத்தியேன்'. எழுதியவர் ரோக்மோர் என்ற சிற்றூரின் ஒயின் வியாபாரி, கப்போ. இசை அடோல்ஃப் ஆதாம், ஆண்டு 1847. ஆதாம் நாடக மேடைக்கு இசை போடுகிறவர். அதனால் சர்ச் இசையில் கரைகண்டவர்கள், இது பூசைக்கு உகந்த மெட்டல்ல, கூத்துக்கொட்டகை மெட்டு என்று முகம் சுளித்தார்கள். ஜனங்கள் கேட்டார்களா? இன்றுவரை நடுராத்திரிப் பூசையில் அதைத்தான் பாடுகிறார்கள். அடிமையும் நம் சகோதரன்தான் என்று சொல்கிற பாட்டு அது. மேதாவிகள் ஒதுக்கியதை ஜனங்கள் காப்பாற்றினார்கள்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பேரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்தவர். சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸின் மாணவர்தான். இவர் செய்த 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குற்றாலக் குறவஞ்சி போலவே தலைவி உண்டு, குறத்தி உண்டு, சிங்கனும் உண்டு. தலைவி தேவமோகினி பெத்லகேம் நாதர் மேல் காதல் கொள்கிறாள். நடுவே வானசாஸ்திரமும் பூகோளமும் வேறு. பனியும் கலைமானும் இல்லாமல், குறிசொல்லும் குறத்தியை வைத்தே பெத்லகேமைப் பாடமுடியும் என்று இருநூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். சாதி வேற்றுமையை விடச் சொன்ன புதிய மிஷனரிகளோடு அவர் மல்லுக்கு நின்றதை நான் ஏற்கவில்லை. அதற்காக அவர் தமிழைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

அவருடைய கீர்த்தனைகளும் மற்றவர்களுடையவையும் சேர்ந்து சபைகளின் புத்தகமாயின. 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஒரு தொகுப்பு போட்டார். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலையிலேயே ராகம், தாளம் போட்டிருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம். இதன் அருமை மொழிபெயர்த்த பாமாலைகளோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தையை உட்காரவைக்கும்போது குறில் நெடிலாக நீள்கிறது, சொல் நடுவில் உடைகிறது, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அர்த்தம் தொங்குகிறது. கீர்த்தனையில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவிகூட நாலு வாரத்தில் மனப்பாடமாகப் பாடிவிடுவாள்.

இது புராட்டஸ்டண்டு சபைகளின் சொத்து. நம் பக்கம் கத்தோலிக்கர்கள்தான் கண்ணில் படுகிறார்கள், பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயிலை அறியாதவர் யார்? 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரே பிரெஞ்சுக்காரர், பிரூனியே ஆண்டகை. தருமபுரி தனி மறைமாவட்டமானது 1997-ல். அந்தக் காலத்துப் பூசை முழுக்க லத்தீன். வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்த பிறகுதான் தமிழ் பீடம் வரை ஏறியது. ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் தமிழ்ப் பாட்டு கிளம்பியதும் அப்போதுதான்.

சினிமாவும் தன் பங்குக்குச் செய்தது. 1969-ல் வந்த 'கண்ணே பாப்பா' படத்தில் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் இசையில் சுசீலா பாடிய இயேசு பாட்டு நினைவிருக்கும். கோயில் வாசலை மிதிக்காதவர்களும் அதை முணுமுணுத்தார்கள்.

ஆனால் திருப்பாவைக்கு வாய்த்த யோகம் கீர்த்தனைக்கு வாய்க்கவில்லை. முப்பது பாசுரத்துக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார், எம்.எல்.வசந்தகுமாரி பாடினார். மார்கழி முழுக்க வைணவர் அல்லாதவர் காதிலும் அது விழுந்தது. கிறிஸ்துமஸ் கீர்த்தனைகளை அப்படி மதம் தாண்டி வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த ஒரு தட்டு அமையவில்லை. அந்த இடத்தில் ஜிம் ரீவ்ஸ் வந்தார், 1981-ல் போனி எம் வந்தது. இப்போது கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. எந்த ராகமானாலும் அந்த ஒரே தாளத்துக்குள் நசுங்குகிறது. கீர்த்தனையை ஆதிதாளத்தில் கைபோட்டுப் பாடத் தெரிந்தவர்களெல்லாம் என் வயதுக்காரர்கள், அல்லது எனக்கும் மூத்தவர்கள். வருஷா வருஷம் இரண்டு குரலாவது குறைகிறது.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போய் உட்காருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள், கீபோர்டு வேண்டாம். எந்த ஊரில், யாரிடம் கற்றார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்பினால் ராகம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிவைக்கிறேன்.