பிள்ளை வளர்ப்பும் நகைச்சுவையும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய களன்களாக இளமை, பேதைமை, மடன், எள்ளல் என்னும் நான்கினைத் தொல்காப்பியனார் வகுத்துக் கூறினார். இந்நான்கினையும் ஒரே பகற்பொழுதிற் கட்டணமின்றிக் காண விரும்புவோர் சிறு குழந்தைகள் உள்ள இல்லமொன்றிற்குச் செல்வாராக. ஆங்கு இளமை தவழ்ந்து வரும். பேதைமை மழலை மிழற்றும். மடனோ, பற்றிய கரண்டியை விடாது அழுது நிற்கும். எள்ளல் மட்டும், இவற்றையெல்லாம் பார்த்தவாறு திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியோரிடத்துத் தோன்றும்.

பிள்ளை வளர்ப்பிற் பிறக்கும் நகை வீண் பொழுதுபோக்கன்று. அஃது இல்லத்தைக் காக்கும் ஒரு வலிமை. ஆயினும் அவ்வலிமை, வளர்க்கும் தொல்லையிற் பங்கு கொள்வார்க்கே உரியது. இதுவே யான் ஈண்டுக் கூற விழைவது.

நம் முன்னோர் குழந்தையின் குறும்பை அறியாதவரல்லர். திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், குழந்தை கைவிட்டுக் குழப்பிய உணவை அமிழ்தத்திற்கும் மேலாக வைத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, புறநானூற்றின் 188-ஆம் பாட்டில், நெய்யிட்ட சோற்றை உடம்பெங்கும் அப்பிக்கொள்ளும் குழந்தையைக் காட்டி, மக்கட்பேறு இல்லாதார் வாழ்வு பயனற்றது என்றான். நாடாளும் வேந்தன் சோற்றுப் பருக்கை ஒட்டிய மேனியைக் கண்டு மகிழ்ந்தது பாராட்டற்குரியதே. ஆயினும் நம்மனோர் ஓர் ஐயம் எழுப்பலாம். அப்பருக்கைகளைத் துடைத்தவர் யார்? தரையைக் கழுவியவர் யார்? மறுபடியும் சோறு பிசைந்தவர் யார்? பாட்டு அதனைக் கூறவில்லை. அரண்மனையிற் செவிலித்தாயர் பலர் இருந்திருப்பர். அவருள் ஒருத்தி பாடியிருப்பின் நமக்கு வேறொரு பாட்டுக் கிடைத்திருக்கும்.

பிள்ளைத்தமிழின் நிலையும் ஏறக்குறைய இதுவே. குழந்தையின் 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரையுள்ள காலத்தை 10 பருவங்களுக்கு உரியதாகப் பாட்டியல் நூலார் கூறுவர். தாலப் பருவத்திற் புலவர் தாலாட்டுப் பாடிக் குழந்தையை உறங்க அழைக்கின்றார். இல்லத்திலோ, பத்தாம் பாட்டிற்குள் உறங்கிப்போவது பாடும் தாய். விழித்திருந்து, "இன்னும் பாடு" என்று அவள் கன்னத்தைத் தட்டுவது குழந்தை. அம்புலிப் பருவத்திற் புலவர் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கின்றார். இல்லத்திலோ, நிலவைக் காட்டி ஒரு கவளம் ஊட்டினால், அந்நிலவைக் கையிற் கொடுத்தாலன்றி அடுத்த கவளத்திற்கு வாய் திறவேன் என்கின்றது பிள்ளை.

இப்பத்தோடு வேறு சில பருவங்களையும் சேர்த்தல் தகும். மருந்தூட்டற் பருவம் ஒன்று. பாட்டி காலைப் பிடிக்க, தாய் கையைப் பிடிக்க, ஊற்றிய கஷாயத்திற் பாதி இருவர் சேலையிலும் படியும். எஞ்சியதை வாயிலேயே அடக்கி வைத்திருக்கும் குழந்தை, வென்றோம் என்று பெரியோர் கையை விட்ட கணத்தில் அதனை உமிழ்ந்துவிடும். தேடற் பருவம் மற்றொன்று. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியும் வீட்டுச் சாவியும் மறையும். மறுநாட் காலை அரிசிப் பானையிலிருந்து வெளிப்படும். வினாப் பருவம் மூன்றாவது. காக்கை ஏன் கறுப்பு என்று தொடங்கும் வினா ஏழாம் படியை எட்டுவதற்குள், பட்டம் பெற்ற தந்தையும் வாயடைத்து நிற்பார்.

இத்தொல்லைகளிடையே நகை செய்யும் நன்மை யாது? என் தமக்கையார்க்கு நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் இரு மக்கள் உளர். கடந்த கோடை விடுமுறையில் யான் அவர் இல்லத்திற் தங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை மூத்தவன், தம்பியைக் குளிப்பாட்டப்போவதாகக் கூறி, மறுநாளைக்கென்று அரைத்து வைத்திருந்த தோசை மாவு முழுவதையும் அவன் தலையிற் கவிழ்த்தான். ஓடி வந்த தாயிடம், "நுரையே வரவில்லை, அம்மா" என்று முறையிடவும் செய்தான். அடிப்பதற்காக ஓங்கிய அவர் கை, அச்சொல்லைக் கேட்டதும் தம் வாயையே பொத்திக்கொண்டது. சிரிப்பு அடங்குவதற்கு நெடுநேரமாயிற்று. பின்னர் மாவை வழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தரையைக் கழுவி முடிப்பதற்கு இரவு 9 மணியாயிற்று. சிரிப்பு அவ்வேலையில் ஓர் அணுவும் குறைக்கவில்லை. ஆனால் ஓர் அடி விழாமற் காத்தது.

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைக் குழந்தைக்கும் ஏற்றிக் கூறுவார் இன்றும் உளர். குழந்தை மாடன்று. அது பெரியோரை வருத்தக் கருதி மாவைக் கொட்டுவதில்லை. தான் கண்டதைச் செய்து பார்க்கின்றது. சிரிப்பவர்க்கு இவ்வுண்மை அக்கணமே புலனாகும். சினந்தவர்க்கோ அடித்த பின்னரே புலனாகும், அப்பொழுது பயனில்லை.

ஆயினும் எல்லாச் சிரிப்பும் நற்சிரிப்பன்று. விருந்தினர் முன்பு பிள்ளையை நிறுத்தி, அவன் பாயை நனைத்த செய்தியையும் பிழைபடப் பேசிய சொல்லையும் எடுத்துரைத்து நகைப்பது எள்ளலேயாம். நான்கு வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. அன்று தலைகுனிந்த பிள்ளை, மறுநாள் புதுச்சொல் பேச அஞ்சும்.

மற்றொரு தீய சிரிப்பும் உண்டு. அது சாய்வு நாற்காலியிலிருந்து எழுவது. தாய் பிள்ளையின் பின்னே ஓடுவதைக் கண்டு தந்தை நகைக்கின்றார், எழுந்து பிடிப்பதில்லை. வசம்பிற்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்றொரு பெயர் நம் நாட்டில் வழங்குகின்றது. கல்லில் உரைத்த வேருக்கு அப்பெயர் கிடைத்தது. நள்ளிரவில் எழுந்து உரைத்தவளுக்கு ஒரு பெயரும் கிடைத்திலது! பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடமையாகப் பொன்முடியார் புறநானூற்றில் வகுத்தார். அது போர்க்களம் நோக்கிய பழங்காலத்துப் பங்கீடு. அதனைக் காட்டி இன்று ஆடவர் ஒதுங்கி நிற்றல் முறையன்று. பெறுதல் ஒன்றே தாய்க்கு மட்டும் உரியது. வளர்த்தல் இருவர்க்கும் பொது. அன்றியும், சோறூட்டவும் கால் கழுவவும் அறியாத தந்தை, பிள்ளையைச் சான்றோனாக்குதல் எங்ஙனம்?

மாணவ நண்பர்காள்! நம் இளைஞருட் பலர் விடுமுறைக்கு ஊர் சென்றால், தமக்கையின் குழந்தை சிரிக்கும்வரை மடியில் வைத்துக் கொஞ்சுகின்றனர். அழத் தொடங்கியதும் தாயிடம் நீட்டிவிடுகின்றனர். இனி அழும் குழந்தையையும் தோளில் இட்டுத் தெருக்கோடி வரை ஒரு முறை நடந்து வருக. திரும்பி வருமுன் சட்டை நனையலாம், காது செவிடாகலாம். அவ்வளவில் அக்குழந்தையின் தாய் சூடாக ஒரு வாய் சோறுண்டு முடித்திருப்பாள். அதன் பின் அவளோடு அமர்ந்து, நடந்ததைக் கூறிச் சிரியுங்கள். அச்சிரிப்பில் எவரும் குறை காணார்.