மணலில் ஓட்டுவதும் ஒரு படிப்புதான்!



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஓமன் நாட்டில் டிரைவராக இருந்தவர். "அப்பா என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "ஃபாரின்ல இருந்தார்" என்று மழுப்பியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது புரிகிறது.

அப்பா தார் ரோட்டில் ஓட்டிப் பழகியவர். போன முதல் வாரமே ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் சாவியைக் கொடுத்து, வஹிபா மணல்வெளியில் இருந்த கேம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி ஒன்றும் கிடையாது. நடுவழியில் வண்டி புதைந்தது. பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி பறித்து ஆக்சில் வரை இறங்கிவிட்டது. உச்சி வெயில். வண்டியை விட்டு நடக்கத் தொடங்கினாராம். நல்லவேளை, எதிரே வந்த அரபுப் பெரியவர் ஒருவர் தடுத்தார். நாலு டயரிலும் காற்றை இறக்கி, மணலை அள்ளி, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுக்க வைத்தார்.

இது மந்திரமல்ல, நாம் படித்த பாடம்தான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. 35 பி.எஸ்.ஐ. காற்றை 15 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணலில் மிதக்கிறது. ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920, 30களில் எகிப்து, லிபியா பாலைவனங்களில் சாதாரண ஃபோர்டு கார்களை இப்படித்தான் ஓட்டினார். மணலின் இயக்கம் பற்றி 1941இல் இயற்பியல் நூலே எழுதினார்.

அப்பா புத்தகம் எழுதவில்லை. ஆனால் சொல்லுவார்: "மேட்டுல நேரா ஏறு, நேரா இறங்கு. குறுக்கே போனா உருண்டுடும். சடன் பிரேக் போடாதே, சக்கரத்துக்கு முன்னாடி மணல் குவியும். ஒத்தை வண்டியா போகாதே. மாட்டிக்கிட்டா வண்டியை விட்டு நடக்காதே. ரோட்டுக்கு வந்ததும் காத்தடி, இல்லேன்னா டயர் சூடேறி வெடிச்சிடும்."

"போகப் போகப் பழகிடும்" என்பார்கள் சிலர். நம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தராமல் லேத்தைத் தொட விடுகிறார்களா? கை போய்விடும் என்ற பயம். பாலைவனத்தில் போவது உயிரல்லவா! பழகுவதற்குள் தாகத்தில் செத்தால் யார் பொறுப்பு?

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் வளைகுடா நாடுகளுக்கு சூப்பர்வைசராகப் போவோம். அன்று சாவியைக் கொடுக்கும் கை நம்முடையதாக இருக்கும். புது டிரைவரை இரண்டு நாளாவது பழகியவர் பக்கத்தில் உட்கார வைத்து, மணலில் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகே சாவியைக் கொடுப்போம். ஒரு மண்வெட்டி, காற்று பார்க்கும் கேஜ், போதுமான தண்ணீர் வண்டியில் இருக்கிறதா என்று பார்ப்போம். இதற்குப் பெரிய செலவில்லை, மனசுதான் வேண்டும்.

இனி யாராவது கேட்டால் நிமிர்ந்து சொல்வேன்: என் அப்பா டிரைவர். மணலில் ஓட்டத் தெரிந்த டிரைவர்!

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை