மின்காரும் வீண் வேகமும்

சிங்கப்பூர்த் தமிழரிடையேயும், கடற்பாலத்துக்கு இப்பால் தோட்டப் பகுதிகளில் வாழும் நம்மவரிடையேயும் இக்காலத்தில் ஒரு புதிய விவாதம் தலைகாட்டியிருக்கிறது. மின்சாரக் கார் வாங்கலாமா, கூடாதா என்பதன்று அவ்விவாதம். அவ்வினாவுக்குச் சிங்கப்பூர் அரசாங்கமே விடை எழுதிவிட்டது. 2025 முதல் டீசல் கார்களைப் புதிதாகப் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது. 2030 முதல் பதிவாகும் ஒவ்வொரு புதுக் காரும் தூய ஆற்றல் வகையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். 2040-க்குள் பெட்ரோலை மட்டுமே குடிக்கும் வண்டிகள் சாலையினின்று விடைபெற வேண்டும் என்பது திட்டம். அதற்காக 2030-க்குள் 60,000 மின்னேற்று முனைகள் அமைக்கவும் முடிவு செய்துள்ளனர். இவற்றை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். புகை குறைவது எல்லார்க்கும் நன்று.

விவாதம் வேறு. ஒரே கம்பெனி, ஒரே பெயருள்ள காரை இரண்டு, மூன்று தரங்களாகச் செய்து விற்கிறது. சாதாரணத் தரம் ஒரு விலை. மிகுவேகத் தரம் அதனினும் பல்லாயிரம் வெள்ளி கூடுதல் விலை. இந்தக் கூடுதல் விலைக்கு அந்தக் கூடுதல் வேகம் தகுமா? தகாது என்பதே நமது துணிபு. அதற்குரிய காரணங்களை அன்பர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இத்தரத்துக்கு விற்பனையாளர் இட்டிருக்கும் பெயர் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பது. அவ்வாங்கிலச் சொல்லுக்குச் செயல்திறன் என்று ஒரு பொருள் உண்டு. மேடையேறிப் பிறர் காண ஆடுதல் என்று மற்றொரு பொருளும் உண்டு. நம்மவர் முதற்பொருளை எண்ணிப் பணத்தைக் கட்டுகின்றனர். கைக்கு வந்து சேர்வதோ பெரும்பாலும் இரண்டாவது பொருள்.

இனிக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் காரின் விலை வேறு, காரை வைத்துக்கொள்வதற்கான விலை வேறு. 1990-இல் ஏற்பட்ட வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தாலன்றி எவரும் புதுக் கார் ஓட்ட இயலாது. அதன் ஆயுளும் 10 ஆண்டுகளே. 110 கிலோவாட்டுக்கு மேற்படாத ஆற்றலுடைய மின்கார் ‘ஏ’ பிரிவைச் சேரலாம். அதற்கு மேற்பட்டவை ‘பி’ பிரிவு. 2023 அக்டோபர் 18-ஆம் நாள் ஏலத்தில் ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளிக்கும், ‘பி’ பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்கும் போயின. ஏலந்தோறும் இவ்விடைவெளி விரியும், சுருங்கும். அன்றைய ஏலத்திலோ, இன்னும் சக்கரம் உருளுமுன்னரே, ஆற்றல் மோகத்துக்குக் கொடுத்த கப்பம் 44,001 வெள்ளி.

சரி, இரண்டு தரமும் ‘பி’ பிரிவே என்று கொள்வோம். அப்பொழுதும் தப்பிக்க வழியில்லை. 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் வகுத்த கூடுதல் பதிவுக் கட்டணத்தைப் பாருங்கள். காரின் சந்தை மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு, அதற்கடுத்த 20,000-க்கு 190 விழுக்காடு, பின்னர் 250, அதன் பின்னர் 320 என்று படிப்படியாக அது ஏறுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சாதாரணத் தரத்தின் மதிப்பு 35,000 வெள்ளி என்றும், மிகுவேகத் தரத்தின் மதிப்பு 50,000 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். முன்னதற்குக் கட்டணம் 41,000, பின்னதற்கு 67,000. கட்டணத்தில் மட்டும் வேறுபாடு 26,000 வெள்ளி. மதிப்பில் மிகுந்த 15,000-ஐயும், அதன் மீது 20 விழுக்காடு தீர்வையாகிய 3,000-ஐயும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியாகிய 1,620-ஐயும் கூட்டினால் ஆகும் தொகை 45,620 வெள்ளி. அதாவது, 15,000 வெள்ளிச் சரக்குக்கு நாம் கொடுப்பது அதைப் போல் மும்மடங்கு! விற்பனையாளரின் இலாபத்தை இதில் நாம் சேர்க்கவேயில்லை. மின்காருக்குச் சாலை வரியும் கிலோவாட்டைக் கொண்டே கணிக்கப்படுவதால், அந்தச் சுமையும் ஆண்டுதோறும் கூடும்.

இவ்வளவும் கொடுத்துப் பெறுவது யாது? பி.ஒய்.டி. கம்பெனியின் ‘சீல்’ என்னும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 230 கிலோவாட் தரம் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5.9 விநாடி பிடிக்கும். 390 கிலோவாட் தரம் 3.8 விநாடியில் எட்டிவிடும். இலாபம் 2.1 விநாடி. ஆனால் இந்தத் தீவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எங்கேயும் சட்டப்படி செல்லாது. விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு 90. சாதாரணச் சாலைகளில் பொதுவாக 50. கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை அளந்தாலும் தீவின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

பெருந்தன்மையோடு ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கு அணையும்போதும் வேகக் கார் ஒரு முழு விநாடியை மிச்சப்படுத்துவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 30 விளக்குகள் என்றால் அரை நிமிடம். ஆண்டுக்கு மூன்று மணி நேரம். சான்றிதழின் ஆயுளாகிய 10 ஆண்டுகளில் 30 மணி நேரம். 45,620 வெள்ளியை 30-ஆல் வகுத்தால் மணிக்கு 1,500 வெள்ளிக்கு மேல் ஆகிறது. எந்த வழக்கறிஞனின் நேரம் இந்த விலை பெறும்? அதுவும் உண்மையில் கிடைப்பதில்லை. மிச்சப்பட்ட விநாடியை அடுத்த சிவப்பு விளக்கு விழுங்கிவிடுகிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளிக் காலத்து மாலைப் பொழுதொன்றில் வண்டி ஓட்டியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அங்கே 230 கிலோவாட்டும் 390 கிலோவாட்டும் சமத்துவம் எய்தி, தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் அம்மையாரின் நடைக்குப் பின்னால் பணிவுடன் ஊர்ந்து செல்கின்றன.

நிற்க. எதிர்வாதங்களையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

“மிகுவேகத் தரம் ஒரு முறை மின்னேற்றினால் நெடுந்தூரம் ஓடும், மலேசியாவிலுள்ள உறவினரைப் பார்க்கச் செல்லுங்கால் உதவும்” என்பர் சிலர். பெரும்பாலும் மெய் அதற்கு நேர்மாறானது. மேற்சொன்ன சீலின் இரண்டு தரங்களுக்கும் மின்கலம் ஒன்றே. ஐரோப்பிய அளவை முறைப்படி மெதுவான தரம் 570 கிலோமீட்டர் ஓடும். வேகத் தரம் 520 கிலோமீட்டரில் நின்றுவிடும். 2024-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் 3 காரிலும் நெடுந்தூரத் தரம் 629 கிலோமீட்டர், மிகுவேகத் தரம் 528 கிலோமீட்டர். ஆற்றல் மிகுந்த இயந்திரமும் அகன்ற சக்கரமும் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் என்பது இயற்கை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் வரம்பு 110 கிலோமீட்டரே. தூரம் வேண்டுவோர் தூரத்தை வாங்கட்டும். தூரத்தின் பெயரால் வேகத்தை வாங்க வேண்டா.

“ஆற்றல் மிகுந்த கார் பாதுகாப்பானது, ஆபத்தில் விரைந்து விலகலாம்” என்பது இரண்டாவது வாதம். இருக்கை வாரும் காற்றுப்பையும் தானே தடுக்கும் கருவியும் சாதாரணத் தரத்திலேயே உள்ளன. அவையே உயிரைக் காப்பவை. வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். மேலும், பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் அதே விரைவுச்சாலையில் பக்கத்துத் தடத்தைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். லாரியின் பின்தட்டில், இருக்கையும் வாரும் இன்றி அமர்ந்து வேலைக்குப் போகின்றவர் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த உழைப்பாளிகள். 2021 ஏப்ரல் 20-ஆம் நாள் தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளரை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த வண்டியொன்றில் மோதியது, இருவர் மாண்டனர். அவ்வாறு ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சட்டம் முற்றிலும் தடுத்துவிடவில்லை. ஒரு பக்கம் 2.1 விநாடிக்கு 45,000 வெள்ளி. மறு பக்கம் ஓர் இருக்கைக்கு வழியில்லை. பாதுகாப்பில் உண்மையான அக்கறையிருப்பின், நம் பேச்சும் விண்ணப்பமும் முதலில் அந்த லாரியின் பின்தட்டைப் பற்றியதாக இருக்க வேண்டாவா?

மூன்றாவது வாதமே மிகவும் தந்திரமானது. “சான்றிதழுக்கே நூறாயிரத்துக்கு மேல் கொடுத்தாயிற்று, யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?” என்று கேட்கின்றனர். பழமொழி நல்லதே. அங்குசமின்றி யானையை அடக்க முடியாது. ஆகவே அதை வாங்கத்தான் வேண்டும். இங்கே விற்கப்படுவதோ அங்குசம் அன்று, யானையின் நெற்றிப்பட்டம்! முன்னரே பெருஞ்செலவு செய்துவிட்டோம் என்பது மேலும் செலவு செய்வதற்குக் காரணமாகாது. கையை இறுக்குவதற்கே காரணமாகும்.

அவ்வாறாயின் அறிவுள்ள மக்கள் ஏன் இதனை வாங்குகின்றனர்? காரணம் வண்டியில் இல்லை. பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒரு தெரு உண்டு. அதன் அருகே ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தமையால் வந்த பெயர் அது. 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. பிறகு கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி, அத்தோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுற்றது. நாடு குதிரைகளை அவிழ்த்துவிட்டது. நம்மவரோ ஐந்நூறு குதிரைத் திறனைக் கடன் வாங்கி, அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கட்டிவைக்கின்றனர்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா மண்ணில் வந்திறங்கிச் சுயமரியாதையைப் போதித்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. பிறர் மெச்சுவதற்காகக் கடன்பட்டுச் செலவு செய்வது அடிமைப் புத்தி என்பது சீர்திருத்தக்காரர் இடைவிடாது சொல்லிவந்த பாடம். அன்று அது கல்யாணப் பந்தலிலும் கழுத்து நகையிலும் குடிகொண்டிருந்தது. இன்று அது நான்கு சக்கரத்தில் ஏறிக்கொண்டு மின்சாரத்தில் ஓடுகிறது. இரைச்சல் குறைந்ததே தவிர, நோய் குறையவில்லை. மாப்பிள்ளையின் தகுதியை அவன் ஓட்டும் காரின் தரத்தைக் கொண்டு எடைபோடும் வீடுகளை நாம் காணாமலா இருக்கிறோம்?

இவ்வினா சிங்கப்பூரோடு முடிந்துவிடுவதும் அன்று. மேற்கண்ட 45,620 வெள்ளியை 10 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதம் 380 வெள்ளி, வட்டி தனி. மலேசியப் பணத்தில் அது ஏறத்தாழ 1,200 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் மலேசியச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். தோட்ட அலுவலகத்தில் சம்பளப் பதிவேடு எழுதும் நம் போன்றோர்க்கு இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாள் முழுதும் செம்பனைக் குலை வெட்டிச் சுமப்பவன் ஒரு மாதத்தில் காணும் கூலியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டதை, அக்கரையில் அவன் தம்பி சிவப்பு விளக்கின் ஒரு விநாடிக்குச் செலுத்துகிறான்! விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் நம் இளைஞர், அந்தக் காரையே வாழ்வின் இலக்காகக் கொண்டு திரும்புகின்றனர். தீங்கு அங்கேதான் வேரூன்றுகிறது.

செல்வம் படைத்தவர் தம் பணத்தில் தம் இன்பத்துக்கு வாங்குவதை நாம் தடுப்பவரல்லர். கடனின்றி வாங்கி, வேகத்தின் சுவையை உள்ளபடியே விரும்புகிறவர் வாங்கட்டும். அது அவர் விருப்பம். நாம் பேசுவது மாதத் தவணையில் மரியாதை வாங்க முயல்வோரிடம். 20,000 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள காருக்கு விலையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரலாகாது, 7 ஆண்டுக்கு மேல் தவணையும் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையமே வரம்பு கட்டியிருக்கிறது. அரசாங்கம் போட்ட வேலியைத் தாண்டியும் மனத்திற்கு ஒரு வேலி வேண்டும்.

கார் தேவைப்படும் குடும்பம் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்த ஆற்றலை இத்தீவின் எந்தச் சாலையில் சட்டப்படி செலவிடப் போகிறோம்? அதே பணத்துக்குத் தூரம் கூடுகிறதா, குறைகிறதா? காரின் பின்புறம் ஒட்டியிருக்கும் தரப்பெயரைக் கழற்றிவிட்டால் அப்பொழுதும் இதனை வாங்குவோமா? மூன்றாவது வினாவுக்கு ‘ஆம்’ என்று உரத்துச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே என்று நம்புகிறோம்.

1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்குத் தமிழரிடம் வெள்ளி வெள்ளியாகத் திரட்டினார். கொடுத்தவருள் பெரும்பாலோர் கூலியாட்கள். அவர்களிடம் கார் இல்லை. எதற்குச் செலவிட வேண்டும், எதற்குச் செலவிடலாகாது என்னும் தெளிவு இருந்தது. தோழர்களே! மின்கார் வாங்குங்கள்; தேவையிருப்பின் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மெதுவான தரத்தை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் முதுமையின் மருந்துக்கும் தோட்டத்தில் இருக்கும் தமையனின் கூரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நம் சமூகம் முன்னேற வேண்டிய வேகம் அங்கேதான் இருக்கிறது.